வியாழக்கிழமை, மாலை நாலு பன்னிரண்டு

மூன்றாண்டுகள் உழைத்தவள், ஒரு நாளும் தன் பெயரை எழுதாதவள். ஹஸ்னா பானுவை இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாகப் பின்தொடர்ந்து வந்த வாசகர்கள் அவளை அப்படித்தான் அறிவார்கள்.

சென்னை நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் இருப்பது அண்ணன் ஷாஜித்தின் பெயர். அந்த வேலையைச் சங்கரன்கோவிலின் மாடியறையில் உட்கார்ந்து செய்பவள் தங்கை. எலுமிச்சை விவசாயிகள் அலைபேசியில் கேட்கும் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லும் ‘தளிர்’ என்ற ஏஐ ஏஜென்ட், அவள் விரல்களில் உருவானது. "கல்யாணம் ஆகப்போற பொண்ணு பேரு நாலு ஆம்பளைக பாக்குற எடத்துல எதுக்கு?" என்று அன்று வீடு கேட்டது. கல்யாணம் முடிந்ததும், "கல்யாணம் ஆன பொண்ணு பேரு எதுக்கு?" என்று அதே வீடு கேட்டது. காரணம் மாறியது. தடை மாறவில்லை.

ஐந்து மாதக் கருவை அவள் இழந்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. முந்தின நாள்தான் உம்மா மைமூனம்மாள் அவளுக்கு நாற்பது குளிப்பாட்டினாள். தலையில் கடைசிச் செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இனி அந்த நாளைப் பேசப்படாது மக்கா. அல்லாஹ் வேற தருவான்" என்றாள்.

ஹஸ்னா தலையாட்டினாள். அந்த நாளை யாரும் இதுவரை பேசியிருக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

அவளுக்கு இப்போதெல்லாம் எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. சோறு இறங்கியது, ருசி தெரியவில்லை. அடுத்த தெருவின் விசைத்தறிச் சத்தம் காதில் விழுந்தது. விழுகிறது என்று மட்டும் தெரிந்தது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பவரைப் போல, அவள் தன்னையே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று காலைச் சென்னை ரயிலில் ஷாஜித் வந்து இறங்கினான். வருகிறேன் என்று சொல்லாமல் வந்தான். தோளில் பை, முகத்தில் இரண்டு நாள் தாடி.

"ஏலே, என்னலே திடுதிப்புனு? நஸ்ரின் வீட்டுல ஏதும் சொன்னாங்களா?" என்று உம்மா பதறினாள். அடுத்த மாதம் அவனுக்கு நிக்காஹ். பெண் கடையநல்லூர், பெயர் நஸ்ரின் பானு. மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

"அதெல்லாம் இல்லம்மா. ஹஸ்னாட்ட ஒரு வேலை. அஞ்சு மணிக்குள்ள முடியணும்."

மதியச் சோற்றுக்குப் பிறகுதான் மாடியறைக்கு வந்தான். வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. தன் அலைபேசியை மேசையில் வைத்தான்.

"முதல்ல இதைக் கேளு."

ஒரு பெண்ணின் குரல். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் காந்திமதியம்மாள், தளிருக்கு அனுப்பிய குரல் செய்தி.

"ஏ தளிரு மக்கா, நல்லா இருக்கியாத்தா? நீ சொன்ன அளவுலதான் மருந்தை ஊத்தி அடிச்சேன். கூடவும் ஊத்தல, கொறச்சும் ஊத்தல. மூணாம் நாள் எல எல்லாம் தீஞ்சு போச்சு. முப்பத்தெட்டு மரம். பிஞ்சு பூராவும் கீழ கெடக்கு. ஒன்னைக் கொற சொல்லலத்தா. நீ சின்னப் புள்ள. ஆனா ரெண்டு நாளா கேட்டா பேச மாட்டேங்கியே, ஒன் வீட்டுல யாரும் ஏசிப்புட்டாங்களா?"

செய்தி முடிந்தது. பேசுவது எந்திரம் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. தளிரை நிறுவனம் நிறுத்திவைத்து இரண்டு நாளாகிறது என்பதும் தெரியாது. மரம் தீய்ந்தவள், மரத்தைத் தீய்த்தவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

ஹஸ்னாவின் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தளிரு எப்படி அளவு சொன்னா? அஞ்சாம் விதி இருக்கே?"

தளிரின் கட்டளைக் கோப்பில் அவள் எழுதிய ஐந்தாம் விதி அது. ‘பூச்சிமருந்தின் அளவைக் கேட்டால் சொல்லாதே. அழைப்பை வேளாண் அலுவலரிடம் கைமாற்று.’ அந்த இரண்டு வாக்கியங்களை எழுத அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ட்டுக்கு மனசாட்சி கிடையாது. அதற்கு எழுதிக்கொடுத்த வாக்கியங்கள்தாம் அதற்கு வேலி.

ஷாஜித் சன்னலைப் பார்த்தான்.

"அது இப்ப அங்கன இல்ல."

"யாரு எடுத்தா?"

"நான்தான். டெமோ இருந்துச்சுட்டி. எதைக் கேட்டாலும் ஆபீசரைக் கேளுங்கன்னா, பாக்க வர்றவன் சிரிப்பான்லா. டெமோ முடிஞ்சதும் திரும்பப் போட்டுறலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"சரி. அதுக்கு நான் என்ன செய்யணும்?"

அவன் அப்போதுதான் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். யார் மாற்றினார்கள் என்று நிறுவனம் எழுத்தில் கேட்டிருக்கிறது; மாலை ஐந்து மணி கெடு. ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயரோடு குறித்துவைக்கும் கமிட் வரலாறு அவன் பெயரைக் காட்டுகிறது. அந்தப் பெயர் அப்படியே நின்றால் அவனுக்கு வேலை போகும். வேலையில்லாத மாப்பிள்ளைக்குக் கடையநல்லூரில் யார் பெண் கொடுப்பார்கள்?

"அந்த ஒரு வரியை மட்டும் உன் பேருக்கு மாத்திருவோம். வீட்டுல தங்கச்சி லேப்டாப்பைத் தொட்டா, தெரியாமப் போட்டுட்டான்னு சொல்லிருதேன். எனக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டுருவாங்க. உனக்குப் போறதுக்கு அங்கன வேலையா இருக்கு?"

ஹஸ்னா அவனையே பார்த்தாள்.

"என்னட்டி அப்படிப் பாக்குதே? ஒரு வரிதான. என்னமோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி."

"சொத்தா இருந்தா கேட்டிருக்க மாட்டியே அண்ணே. எடுத்திருப்பே."

வாசற்படியில் நின்ற உம்மா, "ஏட்டி!" என்று அதட்டினாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையிலிருந்த தேநீர்த் தம்ளரை மகளிடம் நீட்டினாள். "அவன் கல்யாணம் நிக்கக் கூடாதுலா மக்கா. நீ வீட்டுக்குள்ள இருக்கவ. ஒன்னை யாரு வந்து கேக்கப் போறா?"

தம்ளர் கொதித்தது. ஹஸ்னா அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் சிவந்ததைப் பார்த்து உம்மாதான் பறித்து மேசையில் வைத்தாள்.

"நீயே மாத்திக்க வேண்டியதுதானே?" என்றாள் ஹஸ்னா அண்ணனிடம்.

அது ஷாஜித்தால் முடியாது. பழைய கமிட் ஒன்றில் பெயரை மாற்றுவது, காகிதத்தில் அழித்து எழுதும் காரியம் அன்று. அந்த வரிக்கு மேலே அடுக்கியிருக்கும் எல்லாவற்றையும் பிரித்து, அந்த ஒன்றைத் திருத்தி, மீண்டும் வரிசை குலையாமல் அடுக்க வேண்டும். சான்றிதழ் அவனிடம் இருந்தது. பதவி அவனிடம் இருந்தது. அந்த வித்தை தங்கையிடம் இருந்தது. தன்மேல் விழப்போகும் பழியைத் தன் கையாலேயே எழுதிக்கொள் என்று கேட்கத்தான் அவன் அறுநூறு கிலோமீட்டர் வந்திருக்கிறான்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

மறுக்கத் தெம்பில்லை. ஒப்புக்கொள்ளவும் மனம் எழவில்லை. செய்யச் சொன்னதைச் செய்வது எல்லாவற்றையும்விட எளிதாக இருந்தது. மரத்துப்போனவளிடம் எதையும் வாங்கிவிடலாம். அதனால்தான் நம் வீடுகள் பெண்களை முதலில் மரக்கச் செய்கின்றன.

கமிட் வரலாறு திரையில் விரிந்தது. எந்த மாற்றம், யார் செய்தார், எந்த நாள், எந்த நேரம், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மொத்தம் அறுநூற்றுப் பதினொரு வரி. எழுதியவர் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஷாஜித், ஷாஜித், ஷாஜித்.

காலையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இதைப் படிப்பது அவள் வழக்கம். தான் இல்லாதபோது என்ன மாறியது என்று பார்க்காமல் ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினோராம் நாள் மீண்டும் வேலைக்கு உட்கார்ந்தபோது மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முப்பத்தெட்டு மரம் நின்றிருக்கும். அந்த எண்ணம் வந்தது. அவளைத் தொடாமல் கடந்து போனது.

கீழே இறங்கினாள். ஆகஸ்ட் மாத வரிகள் போயின. ஜூலை வந்தது.

‘சின்ன மாற்றம்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தான். திறந்தாள். ஐந்தாம் விதியின் இரு வாக்கியங்களும், நீக்கப்பட்டவை என்ற சிவப்பில் கிடந்தன. பக்கத்தில் நாள் இருந்தது.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"ஜூலை பதினேழு. வியாழக்கிழமை. காலை பதினொண்ணு இருபத்தாறு."

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது.

"பதினேழா?"

தறிச் சத்தம் மட்டும் அறைக்குள் வந்து போனது.

"ஏலே ஷாஜித்து," என்றாள் உம்மா மெல்ல. "அன்னைக்கு இவ எங்கூடல்லா இருந்தா. திருநேலியில. காலையில ஒம்பது மணிக்கே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"கம்பெனிக்குத் தெரியாதுலா? நம்ம அதை யாருட்டயும் சொல்லலியே. அக்கம்பக்கத்துல காய்ச்சல்னுதானே சொன்னோம்."

அவன் அதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். வீடு ஒரு நாளை மறைத்தது. மறைத்த நாள் காலியாக இருந்தது. காலியிடத்தில் அவன் தன் பிழையைக் கொண்டுவந்து வைக்கிறான்.

ஹஸ்னாவுக்கு அப்போது ஒன்று விளங்கியது. அறுநூற்றுப் பதினொன்றில் அறுநூற்றுப் பத்து அவள் எழுதியவை. அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த அந்த ஒரு நாள்தான் அவன் தானாக ஒரு கமிட் போட்டிருக்கிறான். அவளுடைய அறுநூற்றுப் பத்தையும் தன் பெயரில் வைத்துக்கொண்டவன், தனக்கே உரிய அந்த ஒன்றை மட்டும் அவளுக்குத் தர வந்திருக்கிறான்.

கோபம் வரவில்லை. ஆனால் விரல் நுனியில் எரிச்சல் தெரிந்தது. தம்ளர் சுட்ட இடம். சுட்டு அரை மணி நேரம் கழித்து வலித்தது.

அந்த வரியோடு, பார்த்துச் சேர்த்தவரின் குறிப்பும் ஒட்டியிருந்தது. கட்டளைக் கோப்பில் யார் கை வைத்தாலும் இன்னொருவர் பார்த்துச் சேர்த்தால்தான் அது தளிரைச் சென்றடையும். அவள் ஏற்படுத்திய முறை அது. பார்த்துச் சேர்ப்பவன் அதே நிறுவனத்துக்காக ஷார்ஜாவிலிருந்து வேலை செய்யும் ஆதம். அவள் கணவன்.

‘பார்த்தேன். சேர்த்துவிட்டேன். ஆதம்.’

அதே வியாழக்கிழமை. பிற்பகல் இரண்டு நாற்பத்திரண்டு. பக்கத்தில் வளைகுடா நேரத்தின் குறி. அவள் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். இங்கே மாலை நாலு பன்னிரண்டு.

அன்று ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு கடிகாரம் இருந்தது. நாலு மணிக்கு ஒருமுறை, நாலேகாலுக்கு ஒருமுறை அவள் உம்மாவிடம் கேட்டாள். "அவரு பேசினாரா?" உம்மா இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொன்னாள். "ஷாஜித்து போட்டுப் பாத்தானாம். போனே போகலையாம் மக்கா." நர்ஸ் காகிதத்தை நீட்டி, வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். உம்மாதான் கையெழுத்திட்டாள்.

ஆதம் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பேசினான். அழுதான். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு இருவரும் அந்த நாளைப் பேசவில்லை.

"அண்ணே."

"சொல்லு."

"அன்னைக்கு அவருக்குப் போன் போகலைன்னு சொன்னியே?"

"ஆமா. சைட்டுல இருந்தான் போல." ஷாஜித் எழுந்துகொண்டான். "இப்ப எதுக்கு அதெல்லாம்? மணி மூணரை ஆச்சு. மாத்துட்டி சீக்கிரம்."

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. ஷாஜித் தாயைப் பார்த்தான். "நீயாவது சொல்லும்மா."

மைமூனம்மாள் மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் தொழுதுட்டு வாரேன்" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனாள். மகனுக்காக அவள் பேசவில்லை. நாற்பத்தோரு நாளில் அவள் மகளுக்குச் செய்த முதல் உதவி அந்த மௌனம்தான்.

ஹஸ்னா பழைய வரியைத் தொடவில்லை. அதை அழித்தால் அதோடு அந்த நாளும் போய்விடும். அவள் அந்த நாளில் இருந்தாள் என்பதற்கு உலகத்தில் ஒரு காய்ச்சல் பொய்யும் இந்த ஒரு வரியும்தான் மிச்சம். அந்த நாள் நடந்தது என்று கணினி மட்டும் மறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் புதிய மாற்றத்துக்கெனத் தனியாக ஒரு கிளையைத் தொடங்கினாள். ஐந்தாம் விதியின் இரண்டு வாக்கியங்களையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். எழுதியவர் பெயர் கேட்கும் அமைப்பைத் திறந்தாள். ‘ஷாஜித்’ என்று மூன்றாண்டுகளாக இருந்ததை அழித்தாள். ‘ஹஸ்னா பானு’ என்று அடித்தாள். எழுத்துகள் யாருடையவோ போலத் திரையில் நின்றன.

பிறகு காரணம் எழுதினாள்.

‘ஐந்தாம் விதியைத் திரும்பச் சேர்க்கிறேன். இதை முதலில் எழுதியவள் நான். ஜூலை 17 அன்று இது நீக்கப்பட்டபோது நான் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அன்று என் குழந்தையை இழந்தேன். நீக்கியது என் கை அன்று. பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பியபோது வரலாற்றைப் பார்க்காமல் விட்டது என் பிழை. காந்திமதியம்மாளிடம் அதை நானே சொல்வேன்.’

"மாத்திட்டியா?" ஷாஜித் குனிந்து திரையைப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அதை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாள். மணி மூணு ஐம்பது.

"ஏட்டி! என்ன காரியம் செஞ்சே?" அவன் குரல் உடைந்தது. "இதை அங்கன எல்லாரும் பாப்பாங்களே! திரும்ப எடு! எடுட்டி!"

"நீ எடு."

"எனக்குத் தெரியாதுன்னு தெரியும்லா உனக்கு?"

"தெரியும். எனக்கு மட்டும் தெரியும். இனி அவங்களுக்கும் தெரியும்."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றான். கை ஓங்குவானோ என்று ஒரு கணம் தோன்றியது. ஓங்கவில்லை. "நஸ்ரினுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டான். முதல்முறையாக அவன் ஓர் உண்மையான கேள்வியைக் கேட்டிருந்தான்.

அவளுடைய அலைபேசி அடித்தது. ஆதம்.

கட்டளைக் கோப்பில் யார் கை வைத்தாலும் அவனுக்குத் தகவல் போகும். போயிருக்கிறது. அவள் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"ஹஸ்னா, உன் பேருல ஒண்ணு வந்திருக்கு. நீயா போட்ட?"

"நான்தான்."

"உன் பேரை இங்கன பாத்ததும்..." அவன் நிறுத்தினான். "நல்லா இருக்கு. ஆனா என்னமோ மாத்தி எழுதியிருக்கியே. பதினேழாம் தேதின்னு போட்டிருக்கே."

"மாத்தி எழுதல."

"பதினேழு வியாழன்லா? அன்னைக்கு மத்தியானம் நானும் ஷாஜித்தும் ஒரு மணி நேரம் பேசிக்கிட்டுல்லா இருந்தோம், இந்த டெமோவுக்காக." அவன் குரலில் ஏதோ ஒன்று மெல்லத் தடுமாறத் தொடங்கியது. "நீ வெள்ளிக்கிழமை காலையிலதானே ஆஸ்பத்திரிக்குப் போன? ஷாஜித் வெள்ளிக்கிழமைன்னுதானே எங்கிட்ட சொன்னான்?"

கீழே தொழுகை விரிப்பை மடித்த உம்மா, படியேறி வரும் ஓசை கேட்டது. ஷாஜித் அலைபேசியை நோக்கிக் கை நீட்டினான். ஹஸ்னா தன் கையை அதன்மேல் வைத்தாள். சுட்ட விரல்கள் இப்போது நன்றாக வலித்தன.

"ஹலோ? ஹஸ்னா? எந்த நாளு? சொல்லு."

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"உங்கிட்டதான் கேக்காரு அண்ணே. சொல்லு."